போலீஸ் சீருடையிலிருந்து கூச்சிங் ஆஸ்தானா வரை: வான் ஜுனைடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் கட்சி தாவிய எம்.பி. ஒருவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், "அந்தக் கட்சித் தாவல் தடைச் சட்டத்தை யார் கொண்டுவந்தது?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். வான் ஜுனைடி என்று பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது: "அவர் போலீஸ்காரர் இல்லையா? வக்கீல் என்றும் சொல்கிறார்களே?" இரண்டுமே சரி. நண்பர்கள், உறவினர்கள், சட்டம் படிக்கும் பிள்ளைகள் என்று பலர் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டே வரியில் பதில் இருக்கிறது. சிலவற்றுக்கு நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

வான் ஜுனைடி யார்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

வான் ஜுனைடி துவாங்கு ஜாபார், போர்னியோ தீவில் உள்ள சரவாக் மாநிலத்தின் எட்டாவது ஆளுநர். மலாயில் யாங் டி-பெர்துவா நெகிரி என்பார்கள். 2024 ஜனவரி 26 முதல் அந்தப் பொறுப்பில் இருக்கிறார். 1946 பிப்ரவரி 1 அன்று சரவாக்கில் பிறந்தவர். அப்போது மலேசியா என்ற நாடே கிடையாது. நூறாண்டு ஆண்ட புரூக் குடும்பத்து வெள்ளை ராஜாக்கள் அதே ஆண்டு ஜூலை 1 அன்றுதான் சரவாக்கை பிரிட்டனிடம் ஒப்படைத்தார்கள். போலீஸ் அதிகாரியாக வேலை பார்த்து, பிறகு சட்டம் படித்து வழக்கறிஞர் ஆகி, 1990-இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். அங்கே 32 ஆண்டுகள் இருந்தார்.

"துவாங்கு ஜாபார்" என்றால் நெகிரி செம்பிலான் அரச குடும்பமா?

இல்லை. 1994 முதல் 1999 வரை பேரரசராக இருந்த துவாங்கு ஜாபார் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தவர். வான் ஜுனைடியின் தந்தை பெயரும் அதே போல இருப்பதால் பலர் குழம்பிப் போகிறார்கள். சரவாக் மலாய்க்காரர்களிடையே சில குடும்பங்களில் "துவாங்கு" என்பது பெயரின் முன்னால் வரும் பட்டம். அதற்கு மாநில அரியணை என்று பொருள் இல்லை. சரவாக்கின் இரண்டாவது ஆளுநர் பெயர்கூட துவாங்கு பூஜாங்தான். தீபகற்பத்தில் இருக்கும் நமக்கு சரவாக்கின் பெயர் வழக்கங்கள் அவ்வளவாகத் தெரிவதில்லை என்பதற்கு இதுவே ஓர் உதாரணம்.

அவர் போலீஸில் இருந்த காலம் எப்படிப்பட்டது?

இன்றைய போலீஸ் வேலையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அது புரியாது. 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா உருவானபோது அவருக்கு 17 வயது. இந்தோனேசியா அந்த இணைப்பை ஏற்கவில்லை. 1966 வரை நீடித்த அந்த மோதலில் சரவாக் எல்லைதான் முன்னணி. அது அடங்குவதற்குள் உள்ளூர்க் கம்யூனிஸ்டு ஆயுதப் போராட்டம் மூண்டது. ராஜாங், சீமாங்காங் பக்கத்துக் காடுகளில் போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு ரோந்து போனார்கள். திருடனைப் பிடிப்பதோடு முடிகிற வேலை இல்லை அது.

1973 அக்டோபர் 21 அன்று, அப்போதைய முதலமைச்சர் அப்துல் ரஹ்மான் யாக்கூப்புக்கும் போராளித் தலைவர் போங் கீ சோக்குக்கும் இடையே சீமாங்காங்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஊரின் பெயரையே அமைதி என்று பொருள்படும் ஸ்ரீ அமான் என மாற்றினார்கள். மிச்சமிருந்த குழு 1990-இல்தான் ஆயுதத்தைக் கீழே வைத்தது. வான் ஜுனைடி முதன்முதலாக எம்.பி. ஆனதும் அதே 1990-இல்தான். அந்தத் தலைமுறை சரவாக் போலீஸ்காரர்களுக்கு "பாதுகாப்பு" என்ற சொல் எவ்வளவு கனமானது என்று யோசித்துப் பாருங்கள். பின்னாளில் உள்துறை அமைச்சில் அவர் எடுத்த நிலைப்பாடுகளைப் படிக்கும்போது எனக்கு இந்தப் பின்னணி நினைவுக்கு வரும்.

எந்தத் தொகுதி, எந்தக் கட்சி?

கட்சி பிபிபி, அதாவது பார்ட்டி பெசாக்கா பூமிபுத்ரா பெர்சத்து. சரவாக்கை நீண்ட காலமாக ஆளும் கூட்டணியின் முதுகெலும்பு அது. 1990 முதல் 2004 வரை பத்தாங் லுப்பார். 2004 முதல் 2022 வரை சாந்துபோங். பத்தாங் லுப்பாருக்கு அந்தப் பெரிய ஆற்றின் பெயர்தான். சாந்துபோங் கூச்சிங்குக்கு வடக்கே, மலையும் கடலும் மீனவக் கிராமங்களும் உள்ள இடம். டாமாய் கடற்கரைக்குச் சுற்றுலா போனவர்கள் அந்தத் தொகுதியைப் பார்த்திருப்பார்கள்.

துணை சபாநாயகராக இருந்தாராமே?

ஆமாம், 2008 முதல் 2013 வரை. 2008 பொதுத் தேர்தலில் அப்போதைய ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. அதன் பிறகு மக்களவை கொந்தளிப்பான இடமாக மாறியது. கர்ப்பால் சிங் போன்ற மூத்த வழக்கறிஞர்கள் எதிர் வரிசையில் இருந்து ஒவ்வொரு விதியையும் மேற்கோள் காட்டிப் பேசிய காலம் அது. அந்த நாற்காலியில் உட்காருபவருக்கு அவை விதிகள் மனப்பாடமாக இருந்தாக வேண்டும். வழக்காடு மன்ற அனுபவம் அவருக்கு அங்கே கைகொடுத்தது என்பது என் கணிப்பு.

உள்துறை துணை அமைச்சராக என்ன செய்தார்? இந்தியர்களுக்கு அதில் என்ன சம்பந்தம்?

நம் சமூகத்தில் இதைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2013 பொதுத் தேர்தலுக்குப் பிறகு அவர் உள்துறை துணை அமைச்சர் ஆனார். அமைச்சர் அகமட் ஸாஹிட் ஹமிடி. அதற்குச் சற்று முன்புதான், விசாரணை இல்லாமல் ஆளைப் பிடித்து வைக்க உதவிய 1969-ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டம் காலாவதி ஆகியிருந்தது. இசா எனப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் 2012-இல் நீங்கி, அந்த இடத்துக்கு சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்கள் சட்டம் வந்திருந்தது. தடுப்புக் காவலில் இருந்த பலர் வெளியே வந்தார்கள். 2013-இல் துப்பாக்கிச் சூடுகள் தொடர்ந்து செய்தியாக வந்தபோது, விடுதலையானவர்கள்தான் காரணம் என்று போலீஸ் தரப்பு சொன்னது. ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்றும் சொல்லப்பட்டது. அந்த வாரம் நம் வீடுகளில் எப்படிப்பட்ட மௌனம் இருந்தது என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்கு மேல் வெளியே போனால் அம்மாக்கள் போன் மேல் போன் போட்டார்கள்.

அக்டோபரில் போக்கா எனப்படும் 1959-ஆம் ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு வாரியம் உத்தரவிட்டால் ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்தாமலே இரண்டு ஆண்டுகள் அடைத்து வைக்கலாம். அந்தக் காலத்தை மேலும் நீட்டிக்கவும் முடியும். முடிவு சரியா தவறா என்று ஆராய நீதிமன்றத்துக்கு இருந்த வாசலும் பெரும்பகுதி சாத்தப்பட்டது. 2015 ஏப்ரலில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான போத்தா நள்ளிரவு தாண்டி, விடிவதற்குள் நிறைவேறியது. இந்தச் சட்டங்களின் முகம் ஸாஹிட்தான் என்றாலும், துணை அமைச்சர் என்ற முறையில் வான் ஜுனைடியும் அந்தப் பொறுப்பில் பங்காளி.

போலீஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர்களுக்கு ஒரு வாதம் இருக்கிறது. சாட்சிகள் பயந்து போய் வாய் திறப்பதில்லை, வழக்கு நிற்பதில்லை. காட்டில் ரோந்து போன தலைமுறைக்கு அந்த வாதம் இயல்பாகவே புரியும். ஆனால் வழக்கறிஞராகவும் இருந்தவர் அவர். குற்றம் சாட்டினால் நிரூபிக்க வேண்டும் என்பது சட்டக் கல்லூரியின் முதல் ஆண்டுப் பாடம். அந்த இரண்டில், இந்தக் காலகட்டத்தில் போலீஸ்காரர்தான் முன்னே நின்றார் என்பது என் கருத்து. தடுப்புக் காவலில் மகன் உள்ளே இருக்க, எந்த வழக்கும் இல்லாமல் எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்று தெரியாமல் நின்ற பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதை லேசாக எழுதிக் கடந்து போக என்னால் முடியவில்லை.

போலீஸ் படையையே கண்காணிக்கும் ஆணையம் பற்றி?

நீதிபதி முகமட் ஸைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005-இலேயே சுயேச்சையான கண்காணிப்பு ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதிகாரம் வெகுவாகக் குறைக்கப்பட்ட வடிவத்தில் ஒரு சட்டம் 2022 ஜூலையில்தான் மக்களவையில் நிறைவேறியது. அது உள்துறை அமைச்சின் மசோதா, வான் ஜுனைடியின் சட்டத் துறை கொண்டுவந்தது இல்லை. பதினேழு ஆண்டுகள் காத்திருந்ததற்கு அது போதாது.

குவாந்தான் பாக்சைட் விவகாரத்தில் அவர் பெயர் அடிபட்டதே?

2015 ஜூலை முதல் 2018 மே வரை அவர் இயற்கை வள, சுற்றுச்சூழல் அமைச்சர். 2014-இல் இந்தோனேசியா கனிம ஏற்றுமதிக்குத் தடை போட்டதும், சீனாவின் அலுமினியத் தொழிற்சாலைகள் அலுமினியத் தாதுவான பாக்சைட்டுக்கு வேறு இடம் தேடின. பகாங் மாநிலத்தின் குவாந்தான் அருகே, புக்கிட் கோ என்ற இடத்தில், ஃபெல்டா என்ற அரசு நிலத் திட்டத்தின் குடியேற்றக்காரர்களின் செம்பனை நிலத்தடியில் அது இருந்தது. மரத்தை வெட்டி மண்ணைத் தோண்டினார்கள். லாரிகள் இரவும் பகலும் ஓடின. சாலை, வீட்டுக் கூரை, துவைத்துக் காயப்போட்ட துணி எல்லாம் சிவப்பு. 2015 டிசம்பர் கடைசியில் மழை பெய்ததும் கடலே சிவந்த படங்களை நாடே பார்த்தது.

2016 ஜனவரி 15 முதல் அங்கே பாக்சைட் தோண்டுவதை நிறுத்தி வைத்தார்கள். முதலில் மூன்று மாதம் என்றார்கள். பிறகு மறுபடி மறுபடி நீட்டித்து, 2019 வரை போனது.

இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. நிலமும் சுரங்கமும் மாநில அரசின் அதிகாரம். கூட்டரசு அமைச்சர் ஒருவர் பகாங் மாநிலத்துக்குள் போய் "நிறுத்து" என்று நேராக உத்தரவிட முடியாது. மாநில அரசைச் சம்மதிக்க வைத்து, ஏற்றுமதி அனுமதி, சுற்றுச்சூழல் விதிகள் போன்ற தன் கையில் இருப்பவற்றை வைத்துத்தான் காரியம் செய்ய வேண்டும். சரவாக்கின் நில உரிமை பற்றி ஆயுள் முழுக்கப் பேசிவந்த கூட்டணியிலிருந்து வந்தவருக்கு இந்த எல்லைக்கோடு நன்றாகவே தெரிந்திருக்கும்.

அதே 2016 ஏப்ரல் 22 அன்று நியூயார்க்கில் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் மலேசியா சார்பில் கையெழுத்திட்டவரும் அவர்தான். உயிரியல் வளங்களைப் பயன்படுத்துவோர் அதன் பலனை உள்ளூர் மக்களோடு பகிர வேண்டும் என்ற சட்டம் 2017-இல் வந்தது.

2018-க்குப் பிறகு?

தேசிய முன்னணி தோற்றதும் சரவாக் கட்சிகள் ஜூன் மாதமே விலகி, காபுங்கான் பார்ட்டி சரவாக், சுருக்கமாக ஜிபிஎஸ் என்ற தனிக் கூட்டணி அமைத்தன. பிரதமர் முஹிடின் யாசின் அமைச்சரவையில் வான் ஜுனைடி 2020 மார்ச்சிலிருந்து தொழில் முனைவோர் மேம்பாடு, கூட்டுறவு அமைச்சராக இருந்தார். கோவிட் காலம் என்பதால் சிறு வியாபாரிகளுக்குக் கடன் உதவி, தவணை ஒத்திவைப்பு என்றே அது போனது.

சட்ட அமைச்சராக எத்தனை நாள் இருந்தார்? அந்தக் காலத்தை மட்டும் ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

2021 ஆகஸ்ட் 30 முதல் 2022 நவம்பர் வரை, பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் அமைச்சரவையில் நாடாளுமன்றம், சட்டம் ஆகியவற்றுக்குப் பொறுப்பான பிரதமர் துறை அமைச்சர். சுமார் 15 மாதம். அதற்குள் இரண்டு பெரிய அரசியலமைப்புத் திருத்தங்கள் அவர் கையால் நிறைவேறின. 222 பேர் கொண்ட மக்களவையில் அதற்குக் குறைந்தது 148 ஓட்டு வேண்டும். இஸ்மாயில் சப்ரி அரசுக்கு சாதாரணப் பெரும்பான்மையே மயிரிழையில்தான் இருந்தது. எதிர்க்கட்சி சம்மதிக்காமல் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாத நிலை.

2021 செப்டம்பர் 13 அன்று அரசும் எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ஹராப்பானும் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அதுதான் கதவைத் திறந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் "கட்சித் தாவலைத் தடுப்போம்" என்று எழுதுவது எளிது. எல்லாக் கட்சிகளும் ஒப்புக்கொள்ளும் சட்ட வாசகமாக அதை மாற்றுவது வேறு வேலை. அந்த வேலையைத்தான் அவர் செய்தார்.

எம்ஏ63 திருத்தம் என்றால் என்ன? தீபகற்பத்தில் இருப்பவர்கள் ஏன் அக்கறைப்பட வேண்டும்?

1963 மலேசிய ஒப்பந்தத்தைத்தான் எம்ஏ63 என்கிறோம். மலாயா, சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா ஆனபோது அரசியலமைப்பின் 1(2) பிரிவு மலாயா மாநிலங்களைத் தனியாகவும், போர்னியோ மாநிலங்களைத் தனியாகவும் பட்டியலிட்டது. 1976-இல் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் 13 மாநிலங்களாகப் போட்டுவிட்டார்கள். மலாயா மாநிலமான கெடாவும் சரவாக்கும் ஒரே நிலை என்ற தோற்றம் வந்தது. நாட்டையே சேர்ந்து உருவாக்கிய பங்காளி, பட்டியலில் இன்னொரு பெயராகிப் போன கதை அது. சபா, சரவாக் மக்களுக்கு இது பல ஆண்டு ஆறாத காயம்.

2019 ஏப்ரல் 9 அன்று பக்காத்தான் அரசு இதைத் திருத்தப் பார்த்தது. 138 ஓட்டு கிடைத்தது. 59 பேர் ஓட்டளிக்காமல் ஒதுங்கினார்கள். பத்து ஓட்டில் தோல்வி. ஒதுங்கியவர்களில் சரவாக்கின் ஜிபிஎஸ் கூட்டணியும் உண்டு! தங்களுக்கான திருத்தத்தையே ஏன் தடுத்தார்கள் என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். "கூட்டரசு" என்ற சொல்லின் விளக்கத்தில் 1963 ஒப்பந்தத்தின் பெயரே வரவில்லை, வரிசையை மட்டும் மாற்றினால் போதாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

2021 டிசம்பர் 14 அன்று வான் ஜுனைடி கொண்டுவந்த மசோதாவில் அந்த விளக்கம் இருந்தது. 199 ஓட்டு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 2022 பிப்ரவரி 11 அன்று நடைமுறைக்கு வந்தது. 2019-இல் எதிர்வரிசையிலிருந்து எழுந்த ஆட்சேபணையை, அமைச்சரானதும் வாசகமாக எழுதிச் சேர்த்தார். ஒரு வழக்கறிஞரின் பொறுமை தெரிவது இங்கேதான்.

அதே திருத்தத்தில் "கலப்புப் பிள்ளைகள்" விஷயம் இருந்ததாமே?

இருந்தது. பத்திரிகைகளில் ஓரமாகப் போட்ட இந்தச் செய்தி சரவாக் குடும்பங்களுக்கு ரொம்பப் பெரியது. பழைய 161ஏ பிரிவின்படி, சரவாக் பூர்வகுடி என்று ஒருவரை ஏற்க வேண்டுமானால் அப்பா, அம்மா இருவருமே பட்டியலில் உள்ள இனங்களைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். சரவாக் பூர்வகுடியான இபான் இனத் தாய்க்கும் சீனத் தந்தைக்கும் பிறந்த பிள்ளை நீள்வீட்டிலேயே வளர்ந்து, இபான் மொழியே பேசினாலும் சட்டப்படி பூர்வகுடி இல்லை. இபான் தாய், தமிழ்த் தந்தை என்றாலும் அதே கதிதான். நிலம், கல்வி, வேலை எல்லாவற்றிலும் அது இடித்தது. யார் பூர்வகுடி என்பதை இனி சரவாக் தன் மாநிலச் சட்டத்தால் தீர்மானிக்கலாம் என்று மாற்றினார்கள். மாநிலச் சட்டமன்றமும் 2022 பிப்ரவரியிலேயே அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது.

சரி, கட்சித் தாவல் தடைச் சட்டம். அது ஏன் முப்பது வருடம் தாமதமானது?

1992-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்புதான் காரணம். கிளந்தான் சட்டமன்றம் கட்சி மாறிய இரண்டு உறுப்பினர்களின் இடத்தைப் பறித்தது. நோர்டின் சாலே வழக்கு என்று அதைச் சொல்வார்கள். ஒருவர் எந்தச் சங்கத்திலும் சேரவும் விலகவும் அரசியலமைப்பின் 10-ஆம் பிரிவு உரிமை தருகிறது, மாநிலச் சட்டம் அதைப் பறிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு, தாவலைத் தடுக்க வேண்டுமானால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்றாகிவிட்டது. தாவலால் பலன் அடையும் கட்சிகளுக்கு அதில் என்ன அவசரம்?

விலையை மக்கள் கொடுத்தார்கள். 2009-இல் மூன்று பேர் விலகியதும் பேராக் மாநில ஆட்சி கவிழ்ந்தது. மே 7 அன்று சபாநாயகர் வி. சிவகுமார் அவையிலிருந்து இழுத்து வெளியேற்றப்பட்டதை ஈப்போ தமிழர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2020 பிப்ரவரியில் ஷெராட்டன் நகர்வு எனப்படும் கட்சித் தாவல், மத்திய அரசே மாறியது. அதே ஆண்டு சபாவில் தாவலால் வந்த தேர்தல், அதைத் தொடர்ந்து கோவிட் அலை. 2021-இல் மலாக்காவில் நால்வர் விலகி இன்னொரு தேர்தல். "தவளைகள்" என்று திட்டித் தீர்த்தோமே தவிர, தடுக்க வழி இல்லாமல் இருந்தது.

அந்தச் சட்டம் என்னதான் சொல்கிறது?

2022 ஏப்ரலில் முதல் மசோதா வந்தது. 10-ஆம் பிரிவைத் திருத்தும் அந்த வாசகம் மிக விரிவாக இருக்கிறது என்ற அச்சம் எழ, அதை எல்லாக் கட்சியினரும் இருந்த ஒரு சிறப்புத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினார்கள். தலைவர் வான் ஜுனைடி. ஜூலை 28 அன்று புதிய வடிவம் ஓட்டெடுப்புக்கு வந்தது. நான் அன்று நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். 209 பேர் ஆதரவு என்று அறிவித்தபோது இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது என்றால் மிகையில்லை. அக்டோபர் 5 முதல் அமலுக்கு வந்தது.

49ஏ என்ற புதிய பிரிவின்படி, ஒரு கட்சி சார்பில் வென்றவர் அக்கட்சியிலிருந்து விலகினாலோ உறுப்பினர் தகுதியை இழந்தாலோ அவருடைய தொகுதி காலியாகும். சுயேச்சையாக வென்றவர் ஏதாவது கட்சியில் சேர்ந்தாலும் அப்படியே. எழுத்துபூர்வ அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் சபாநாயகர் முடிவு செய்ய வேண்டும். காலி என்றால் இடைத்தேர்தல். அந்த எம்.பி. மறுபடியும் நிற்கலாம். பதவி விலகிய எம்.பி. ஐந்தாண்டு நிற்க முடியாது என்று இருந்த பழைய தடையையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு இது பிடித்த பகுதி. மனசாட்சிப்படி கட்சி மாற விரும்புபவர் தாராளமாக மாறட்டும், ஆனால் மக்களிடம் திரும்பிப் போய்க் கேட்கட்டும்.

இந்தியச் சட்டம் போலத்தானே?

ஒரு முக்கிய வித்தியாசம். இந்தியாவில் 1985-இலிருந்து இருக்கும் சட்டத்தில் கொறடா உத்தரவை மீறி ஓட்டளித்தாலே பதவி போகலாம். மலேசியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கட்சி முடிவுக்கு எதிராக ஓட்டளிப்பது மட்டும் தாவல் ஆகாது. எம்.பி.க்கு அந்தச் சிறு சுதந்திரத்தை விட்டு வைத்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் ஓட்டை எங்கே?

கட்சியே நீக்கினால் தொகுதி போகாது. கட்சித் தலைமை தன் எம்.பி.க்களைப் பதவி பயம் காட்டி அடக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதிவிலக்கு அது. நோக்கம் நியாயமானது. ஆனால் எதிர் அணியை வெளிப்படையாக ஆதரித்துவிட்டு, "என்னை நீக்குங்கள் பார்க்கலாம்" என்று உட்கார்ந்திருக்க அது வழி விட்டது. கூட்டணி முழுவதுமாக அணி மாறினாலும் சட்டம் ஒன்றும் செய்யாது.

சோதனை சீக்கிரமே வந்தது. எதிர்க்கட்சியான பெர்சத்துவின் ஆறு எம்.பி.க்கள் பிரதமர் அன்வாருக்கு ஆதரவு தெரிவித்தார்கள். அப்படிச் செய்பவரின் உறுப்பினர் தகுதி தானாகவே போய்விடும் என்று கட்சி தன் விதியைத் திருத்தியது. 2024 ஜூலையில் மக்களவை சபாநாயகர் ஜொஹாரி அப்துல், அந்தத் தொகுதிகள் காலி இல்லை என்று முடிவெடுத்தார். அதே விவகாரத்தில் கிளந்தான் சட்டமன்றத்தில் நெங்கிரி தொகுதி காலியென அறிவிக்கப்பட்டு, ஆகஸ்ட் 17 அன்று இடைத்தேர்தலே நடந்தது. ஒரே கட்சி விதி, இரண்டு சபாநாயகர்கள், இரண்டு விதமான முடிவு. வாசகத்தை இன்னும் இறுக்கியிருக்க வேண்டும். ஆனால் இறுக்கியிருந்தால் அந்த 209 ஓட்டு கிடைத்திருக்குமா என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

18 வயது ஓட்டுரிமை அவர் கொண்டுவந்ததா?

இல்லை. அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலையிலேயே நிறைவேறிவிட்டது, நடைமுறைப்படுத்தத்தான் இழுத்தடித்தார்கள். சரவாக் இளைஞர்கள் ஐந்து பேர் தொடுத்த வழக்கில் 2021 செப்டம்பர் 3 அன்று கூச்சிங் உயர் நீதிமன்றம், ஆண்டு முடிவதற்குள் அமல்படுத்த உத்தரவிட்டது. புதிதாகப் பொறுப்பேற்ற அவர் காலத்தில் டிசம்பர் 15 அன்று அது நடப்புக்கு வந்தது. தானியங்கிப் பதிவும் சேர்ந்ததால் 2022 பொதுத் தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது.

கட்டாய மரண தண்டனை விஷயத்தில் அவர் பங்கு என்ன?

2022 ஜூன் 10 அன்று, கட்டாய மரண தண்டனையை நீக்க அரசு ஒப்புக்கொண்டதாக அறிவித்தவர் அவர். முன்னாள் தலைமை நீதிபதி ரிச்சர்ட் மலாஞ்சும் தலைமையிலான குழு மாற்றுத் தண்டனைகளை ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருந்தது. அதற்கு ஆறு வாரத்துக்கு முன்புதான் ஈப்போவைச் சேர்ந்த 34 வயதுத் தமிழர் ஒருவர் போதைப்பொருள் வழக்கில் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டிருந்தார். அறிவாற்றல் குறைபாடு உள்ளவரைத் தூக்கிலிடாதீர்கள் என்று மலேசியாவிலிருந்து பலர் சிங்கப்பூரிடம் கெஞ்சினார்கள். நம் நாட்டுச் சட்டத்திலும் அதே கட்டாயத் தூக்கு இருந்ததை அந்த நாள்களில்தான் பலர் யோசித்தார்கள்.

தேர்தல் வந்துவிட்டதால் மசோதாவை அவரால் முடிக்க இயலவில்லை. அடுத்த சட்ட அமைச்சர் அஸாலினா ஒத்மான் சைட் காலத்தில், 2023 ஏப்ரலில் மக்களவை அதை நிறைவேற்றியது. ஜூலை 4 முதல் அமல். நீதிபதி தன் விருப்புரிமைப்படி 30 முதல் 40 ஆண்டு சிறை விதிக்க முடிகிறது. ஏற்கெனவே தண்டனை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மறுபரிசீலனை கேட்க முடிந்தது. விசாரணை இல்லாத காவலை நீட்டித்த அமைச்சில் இருந்த அதே மனிதர், நீதிபதியின் கையில் முடிவெடுக்கும் உரிமையைத் திருப்பிக் கொடுப்பதாகவும் அறிவித்தார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

2021 புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் இருந்தும் அவர் காலத்தில் நடக்காதது?

பிரதமர் பதவிக்குப் பத்தாண்டு வரம்பு. நாடாளுமன்றத்தை அரசு நிர்வாகத்தின் பிடியிலிருந்து விடுவிக்கும் நாடாளுமன்றச் சேவைச் சட்டத்தையும் அவர் வலியுறுத்தி வந்தார். 1992-இல் நீக்கப்பட்ட அந்தச் சட்டம் புதிய வடிவில் 2025-இல்தான் மக்களவையில் நிறைவேறியது.

2022-இல் ஏன் போட்டியிடவில்லை?

சாந்துபோங்கில் கட்சி நான்சி சுக்ரியை நிறுத்தியது. அவரும் வழக்கறிஞர், முன்பு சட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர். வான் ஜுனைடிக்கு அப்போது 76 வயது. 2023 ஜூன் 19 அன்று மேலவைத் தலைவர் ஆனார். மக்களவையில் துணை சபாநாயகர், மேலவையில் தலைவர் என்று இரண்டு அவைகளின் நாற்காலியிலும் அமர்ந்தவர்கள் வெகு சிலரே. ஆனால் ஏழு மாதம்தான். 2024 ஜனவரியில் அதிலிருந்து விலகி, துன் அப்துல் தாயிப் மாமூட்டுக்குப் பிறகு சரவாக் ஆளுநரானார். தாயிப் அடுத்த மாதமே காலமானார்.

ஆளுநர் என்றால் இந்தியாவில் இருப்பது போல மத்திய அரசின் ஆளா?

இல்லை, அந்த ஒப்பீடு இங்கே பொருந்தாது. பேரரசர்தான் நியமிக்கிறார், ஆனால் மாநில முதல்வரோடு கலந்த பிறகு. பதவிக்காலம் நான்கு ஆண்டு. சரவாக்கில் முதல்வரை 2022 மார்ச்சிலிருந்து பிரிமியர் என்று அழைக்கிறார்கள், இப்போது அபாங் ஜொஹாரி. ஆளுநர் பெரும்பாலும் பிரிமியரின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். ஆனால் சட்டமன்றத்தில் யாருக்குப் பெரும்பான்மை என்ற குழப்பம் வந்தால் பிரிமியரை நியமிப்பது அவர் பொறுப்பு. கூச்சிங்கில் சரவாக் ஆற்றுக்கு அக்கரையில், சார்ல்ஸ் புரூக் 1870-இல் கட்டிய ஆஸ்தானாதான் அவருடைய அதிகாரபூர்வ இல்லம். கட்சி அரசியல் பேசக் கூடாத இடம் அது. ஆகவே 49ஏ பிரிவின் ஓட்டையை அடைப்பதானால், இனி அவையில் இருப்பவர்கள்தான் மறுபடி 148 ஓட்டு தேட வேண்டும்.